அழகைக் கேட்டு வாங்கியவர்கள்

"வசனம் போதும் தம்பி, அலங்காரம் எதுக்கு?" என்று எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் அடிக்கடி கேட்பார். சனிக்கிழமை சாயங்காலம் மும்பை தாதர் பூ மார்க்கெட்டிலிருந்து ஆராதனைக்குச் சம்பங்கியும் செவ்வந்தியும் வாங்கிக்கொண்டு தாராவிக்குத் திரும்பும் பெண்களைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்பார். ஆராதனையில் அழகுக்கு இடம் உண்டா, அது எங்கிருந்து வந்தது என்று தேட எனக்கு அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது.

முதலில் வேதத்தையே எடுத்தேன். யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தில் ஆரோனின் அங்கி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லப்படுகிறது. ஓரத்தில் நீலம், ஊதா, சிவப்பு நூலால் மாதளம்பழங்கள். அவற்றுக்கு இடையிடையே பொன்மணிகள். உடை மகிமைக்காகவும் அழகுக்காகவும் என்று அங்கேயே காரணமும் இருக்கிறது. 31ஆம் அதிகாரத்தில் பெசலெயேல் வருகிறார். என் ஆவியால் நிரப்பினேன் என்று கடவுள் பெயர் சொல்லிக் குறிப்பிடும் முதல் மனிதர் அவர்தான். ஆசாரியரும் அல்ல, தீர்க்கதரிசியும் அல்ல. பொன்னிலும் மரத்திலும் வேலை செய்கிற கைவினைஞர். தாராவிச் சந்துகளில் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, குனிந்து ஜரிகை தைப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வரிகளை எளிதில் கடந்துபோக முடியவில்லை.

27ஆம் சங்கீதம் இன்னும் கூர்மையானது. சுற்றிலும் எதிரிகள், படை பாளயமிறங்கினாலும் என்ற பேச்சு. அந்த நிலையில் தாவீது ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறார்: கர்த்தருடைய வீட்டில் தங்கி அவருடைய அழகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓய்வு கிடைத்தவர் கேட்பதல்ல இது. உயிருக்கு ஆபத்து இருக்கும்போது தீர்மானித்துக் கேட்பது.

தமிழில் இந்த ஏக்கத்துக்கு உருவம் கொடுத்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸிடம் வளர்ந்தவர், இரண்டாம் சரபோஜி மன்னரின் நண்பர். கோயில்களிலும் அரசவையிலும் ஆடிப் பாடிய குறவஞ்சியை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். குறவஞ்சியில் தலைவன் உலா வருவான், தலைவி கண்டு மயங்குவாள். சாஸ்திரியார் அந்தத் தலைவன் இடத்தில் கிறிஸ்துவை வைத்தார். அவர் அழகில் மனம் பறிகொடுப்பவளுக்குத் தேவமோகினி என்று பெயர் சூட்டினார். சங்கீதக்காரரின் விருப்பம் தமிழ் மண்ணின் காதல் மரபுக்குள் இவ்வளவு இயல்பாக வந்து அமர்ந்தது எனக்கு இன்றும் பிரமிப்பு. நம் சபைகளில் கீர்த்தனை பாடும் வழக்கத்துக்கு வேர் இவரிடம்தான் வலுவாக இருக்கிறது.

தாதரிலும் ஒருவர் இதே வேலையைக் கான்கிரீட்டில் செய்திருக்கிறார். மேற்கே கோகலே சாலையில் இருக்கும் மீட்பின் அன்னை ஆலயம் ஊராருக்கு 'போர்ச்சுகீஸ் சர்ச்'. பிரான்சிஸ்கன் துறவிகள் 1596இல் தொடங்கியது. இன்றுள்ள கட்டடம் 1970களில் கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்தது. திருப்பலியில் மக்கள் முழுமையாகப் பங்கெடுக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) சொல்லியிருந்த காலம். கொரியா ஐரோப்பிய கோபுரத்தை நாடவில்லை. நம் வீடுகளின் முற்றத்தை எடுத்தார். திறந்த முற்றங்களும் கூரையிட்ட இடங்களும் மாறி மாறி வருகின்றன. மேலே உயரும் கான்கிரீட் கூரைக் கூடுகள் புகைபோக்கிபோல் சூடான காற்றை வெளியேற்றுகின்றன, முற்றத்துக் காற்று உள்ளே வருகிறது. வெளிச்சம் உச்சியிலிருந்து இறங்குகிறது, அங்கே எம். எஃப். ஹுசைனின் ஓவியம். மும்பையின் புழுக்கத்தையும் மழையையும் அறிந்தவர் கட்டிய ஆலயம் என்பது உள்ளே நின்றதுமே தெரிகிறது.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஏசாயா 53இல் வரும் துன்புறும் ஊழியரிடம் பார்த்து விரும்பத்தக்க அழகு எதுவும் இல்லை. சிலுவையை மறந்த அலங்காரம் வெறும் ஜோடனைதான். பெரியவரின் கேள்வியில் இருந்த நியாயம் அது. ஆனால் பெசலெயேலை அனுப்பியவரும் அந்த ஊழியரை அனுப்பியவரும் ஒருவரே. இரண்டில் ஒன்றை விட்டுவிடச் சொல்வது வேதத்தில் பாதியை விடுவது.

தாதர் பக்கம் போகிறவர்கள் வழிபாடு இல்லாத நேரமாகப் பார்த்து அந்த முற்றத்தில் உட்காருங்கள். 27ஆம் சங்கீதத்தை முழுவதும் வாசியுங்கள், அதோடு ஏசாயா 53ஐயும் சேர்த்து.