சித்தப்பாவின் கணிப்பொறி

சித்தப்பா இறந்தபின் இருபது வருஷத்துக்கு மேல் அது பெரம்பலூர் வீட்டுப் பரணில் கிடந்தது. 1983இல் வெளிவந்த மாடல் 100 வகை. எட்டு வரித் திரை, வரிக்கு நாற்பது எழுத்து, நான்கு பேனா பாட்டரி. வெளிநாட்டு வேலையிலிருந்து கொண்டுவந்தார். ராத்திரிகளில் எதையோ தட்டிக்கொண்டிருப்பார். என்னவென்று நான் கேட்டதில்லை.

புது பாட்டரி போட்டேன். உயிரில்லை. கைக்குக் கிடைத்த அடாப்டரைச் செருகாதது நல்லதாயிற்று: இதற்கு 6 வோல்ட், அதிலும் நடுமுனை எதிர்மின், இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் தலைகீழ். அரியலூருக்கு எடுத்துப்போனேன். (கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முந்தைய கடற்சிப்பிகள் கல்லாகிக் கிடக்கும் ஊர்.) ரேடியோ ரிப்பேர்க்காரர் திறந்ததும் பலகையில் பச்சைப் பூப்பு. நினைவகத்துக்கென்று ஈயம் வைத்துப் பற்றவைத்த சிறிய நிக்கல்-காட்மியம் செல் கசிந்து செம்புத் தடங்களைத் தின்றிருந்தது. கசிவு காரம் என்பதால் வினிகர் தொட்டுத் துடைத்தார். அறுந்த இரண்டு தடங்களுக்கு மயிரிழைக் கம்பி. வேறு செல் வைத்தார்.

திரை விழித்தது. தேதி, 1900 ஜனவரி 1. உடன்பிறந்த ஐந்து நிரல்களின் பெயர்கள். சித்தப்பாவுடையது ஒன்றுமில்லை.

“பழைய செல்லை எடுத்ததாலயா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “மேல் பாட்டரி தீர்ந்தா இது சில வாரம் தாங்கும் சார். அப்பவே போயிருக்கும்.”

கருமாதி முடிந்து பாகப்பிரிவினை பேசிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. பரணில் ஏற்றியவன் நான்.

பஸ்ஸில் மடியில் வைத்து அவர் பெயரைத் தட்டினேன். அதற்குத் தமிழ் எழுத்து கிடையாது. தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் எழுதினாரா, ஆங்கிலமேவா?