கிராசியாவின் காகித விதானங்கள்

பார்சலோனா நகரத்தின் மையத்திலுள்ள கத்தலூனியா சதுக்கத்திலிருந்து மலைப்பக்கமாக ஏறிச் செல்லும் அகன்ற ராஜவீதிக்குப் ‘பஸேச் தெ கிராசியா’ என்று பெயர். அந்தோனி கௌதி கட்டிய மாளிகைகளைக் காண நாலு திசைகளிலிருந்தும் வரும் பிரயாணிகள் அவ்வீதியில் நடந்து, வியந்து, வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். கோட்டைச் சுவருக்குள் அடைபட்டிருந்த பார்சலோனாவை, வயல்களுக்கு அப்பால் தனியே நின்ற ஒரு கிராமத்தோடு இணைப்பதற்காகவே 1827-ல் அவ்வீதி திறக்கப்பட்டது என்பதும், அதன் மேல் முனையைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால் அந்தக் கிராமத்தின் குறுகிய தெருக்களும் சதுக்கங்களும் இன்றும் இருக்கின்றன என்பதும் அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. அந்தக் கிராமமே கிராசியா. ஜீவனத்தின் பொருட்டுத் தமிழ்நாட்டை விட்டு வந்து, இதன் சந்துகளிலேயே நரை கண்டுவிட்ட எனக்கு, பிறந்த ஊருக்கு அடுத்தபடியாக ‘எங்கள் ஊர்’ என்று வாய் தானாகச் சொல்லும் ஊர் இது.

பதினேழாம் நூற்றாண்டில் கார்மெல் சபைத் துறவிகள் ஸ்தாபித்த மடத்தின் பெயரைப் பெற்ற இவ்வூர், 1850-ல் தனி நகராட்சியாகி, 1897-ல் பார்சலோனாவோடு சேர்க்கப்பட்டது. நிர்வாகச் சரித்திரம் அவ்வளவுதான். ஆனால் சேர்க்கப்பட்டு நூறு வருஷங்களுக்கு மேலாகியும், துணிமணி வாங்க நகரத்துக்குப் புறப்படும் இவ்வூர்க் கிழவர்கள் ‘பார்சலோனாவுக்கு இறங்கிப் போகிறேன்’ என்றே இன்னும் சொல்கிறார்கள்.

நெசவாலைத் தொழிலாளிகளும் கைவினைஞர்களும் குடியரசுக் கொள்கையினரும் வளர்த்த ஊராகையால், விடுதலை, சகோதரத்துவம், முன்னேற்றம் ஆகியவை இங்கே தெருக்களுக்குப் பெயர்களாயின. ரோமா மக்களின் பெயரைத் தாங்கிய சதுக்கத்தில் பழைய ஆலையொன்றின் புகைபோக்கி இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. அதைச் சுற்றி வாழ்ந்த ரோமா குடும்பங்களுக்குக் கத்தலான் ரும்பா என்னும் இசையின் பிறப்பில் பெரும் பங்குண்டு. ஊர்ச் சதுக்கத்தின் நடுவே, அந்தோனி ரொவிரா இ த்ரியாஸ் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1864-ல் முடிக்கப்பட்ட 33 மீட்டர் மணிக்கூண்டு இருக்கிறது. 1870 ஏப்ரலில், ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்குப் பிடித்துச் செல்வதை எதிர்த்து ஊரார் கிளர்ந்தெழுந்தபோது, ராணுவம் பீரங்கிகளால் சுட்டும் இக்கூண்டின் மணி ஓயவில்லை. அம்மணியின் பெயராலேயே அவ்வருஷம் தொடங்கப்பட்ட வாரப் பத்திரிகை பல தலைமுறைகள் நடந்தது.

இத்தகைய ஊரின் மனத்தை முழுமையாகக் காண வேண்டுமானால், ஆகஸ்டு 15-ஆம் தேதியன்று, தேவமாதா விண்ணேற்பின் திருநாளில் தொடங்கி ஒரு வாரம் நடக்கும் ‘ஃபெஸ்தா மஜோர்’ என்ற ஊர்த் திருவிழாவைக் காண வேண்டும். 1817-ஐத் தொடக்கமாகக் கணக்கிட்டு 2017-ல் இதன் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினார்கள். அவ்வாரத்தில் ஏறத்தாழ இருபது தெருக்களும் சதுக்கங்களும், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கற்பனையை வரித்துக்கொண்டு, நுழைவாயில் முதல் கடைசி வீடு வரை முற்றிலும் வேறொரு உலகமாக மாறிவிடுகின்றன. ஒரு தெருவில் கடலடிப் பவளங்களும் மீன்களும் தலைக்கு மேல் நீந்தும். அடுத்த தெருவில் அடர்ந்த கானகம். அதற்கடுத்ததில் நட்சத்திர மண்டலம். இவற்றையெல்லாம் செய்பவர்கள் கூலிக்கு அமர்த்திய அலங்காரக்காரர்கள் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. செய்கிறவர்கள் தெருவாசிகளே: தையற்காரி, ஆசிரியர், ஓய்வுபெற்ற தச்சர், பள்ளிப் பிள்ளைகள்.

அவ்வேலை நடக்கும் விதத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன். விழாவின் உயிர் அந்த வேலையில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் தெருச்சங்கத்தார் கூடி, பல யோசனைகளை விவாதித்து, ஒன்றைத் தேர்கிறார்கள். அடுத்த தெருவுக்குத் தெரியாதபடி அது ரகசியமாகக் காக்கப்படும். அன்று முதல் எந்த வீட்டிலும் பிளாஸ்டிக் புட்டியோ, முட்டை வைக்கும் அட்டையோ, பால் டப்பாவோ, தயிர்க் கிண்ணமோ குப்பைக்குப் போவதில்லை. எல்லாம் கழுவப்பட்டு, காயவைக்கப்பட்டு, சங்கத்தின் தரைத்தளக் கொட்டகையில் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் இரவு உணவுக்கு முன்பும் பின்பும் அங்கே கூடி, புட்டிகளை வெட்டி இதழ்களாக்குகிறார்கள், பழைய செய்தித்தாள்களை ஊறவைத்துக் காகிதக் கூழாக்கிக் கம்பிக் கூட்டின் மேல் பூசுகிறார்கள், வர்ணம் தீட்டுகிறார்கள். மொழி சரியாக வராத காலத்தில் நான் இவ்வூராரோடு பழகத் தொடங்கியது அந்தக் கொட்டகையில்தான். எதிர்வீட்டு மூதாட்டி என் விரல்களைப் பிடித்து, காகிதத்தை எந்த மடிப்பில் சுருக்கினால் இதழ் விரியும் என்று காட்டிக் கொடுத்தார். பெயர், தேசம், உத்தியோகம் எதையும் கேட்பதற்கு முன்பே என் கையில் கத்தரிக்கோலைத் தந்த சபை அது.

ஆகஸ்டு பதினான்காம் நாள் இரவு பலர் தூங்குவதில்லை. மாடத்துக்கு மாடம் கம்பி இழுத்து, ஏணிகளில் ஏறி, மாதக்கணக்கில் செய்தவற்றை ஒவ்வொன்றாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஆகாயத்தை மறைக்கும் விதானமும், தெருமுனை வாயிலும், விளக்கமைப்பும் முடிந்து விடிந்ததும், நடுவர்கள் தெருத் தெருவாக வந்து பார்த்துப் பரிசுக்குரியவற்றைத் தேர்கிறார்கள். வேர்டி தெருவின் நடுப்பகுதியினர் பலமுறை முதற்பரிசு பெற்றவர்கள். அவர்களை ஒரு தடவையாவது வென்றுவிட வேண்டுமென்ற வைராக்கியம் மற்றத் தெருக்களுக்கு வருஷம் முழுவதும் உண்டு. கோடை இடிமழை ஒன்று வந்தால் அவ்வளவும் கூழாகிவிடும். ஆனாலும் மறுநாள் காலை அதே தெருவாசிகள் பசையும் கம்பியும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அலங்கரித்த தெரு அவ்வாரம் முழுவதும் ஒரே குடும்பத்தின் கூடமாகிறது. நீள மேஜைகளை நடுத்தெருவில் போட்டு, தக்காளியைத் தேய்த்து எண்ணெய் விட்ட ரொட்டியோடு கூடி உண்கிறார்கள். பிற்பகலில் குழந்தைகளின் விளையாட்டு. இரவில் சர்க்கரையும் காப்பிக்கொட்டையும் இட்டுத் தீ மூட்டிய ரம் பானத்தோடு ஹவனேரா என்னும் மாலுமிப் பாட்டுகள். நீலச் சட்டையணிந்த ஊர்க்குழுவினர் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி மனித கோபுரம் எழுப்புவார்கள். 2010-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்ற கலை இது. ‘கொர்ரஃபோக்’ என்ற இரவில் பேய்வேடமிட்டவர்கள் பொறி சிதறும் வாணங்களைச் சுழற்றிக்கொண்டு ஓட, நெருப்புக் கக்கும் பொம்மை நாகத்தின் கீழே பிள்ளைகள் முக்காடிட்டு ஆடுவார்கள். மெர்ஸே ரொதொரேதா 1962-ல் வெளியிட்ட ‘தியமான் சதுக்கம்’ என்ற நாவல் இத்திருவிழா நடனத்தில்தான் தொடங்குகிறது. நத்தாலியா என்ற கடைப்பெண் கிமெத்தை முதலில் சந்திப்பது அங்கேதான். அச்சதுக்கத்தின் அடியில், உள்நாட்டு யுத்தத்தில் விமானக் குண்டுகளுக்கு அஞ்சிய மக்களுக்காகத் தோண்டிய சுரங்கம் 1992-ல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. மேலே நடனமும் கீழே பதுங்குகுழியுமாக, ஊர் தன் இருவித நினைவுகளையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. 2017 ஆகஸ்டு 17 அன்று, லா ரம்ப்லா வீதியில் பயங்கரவாதி வாகனத்தை ஓட்டி மக்களைக் கொன்ற செய்தி வந்ததும், இருநூறாம் ஆண்டுக் கோலாகலத்தை ஊர் அந்தக் கணமே நிறுத்தித் துக்கம் காத்தது.

இன்றைய நிலையை நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை. மாதாந்தர வாடகை ஏறிக்கொண்டே போவதால், தெருச்சங்கத்தில் தாத்தா காலம் தொட்டு உழைத்த குடும்பங்கள் வீட்டைக் காலி செய்து புறநகருக்குப் போகின்றன. அவர்கள் இருந்த வீடுகளில் வாரம் ஒரு பிரயாணி தங்குகிறார். அவர் குளிர்காலக் கூட்டத்துக்கு வருவதில்லை, புட்டி சேர்ப்பதில்லை, ஏணி பிடிப்பதில்லை. அலங்கார வேலைக்கு இடம் தந்த தரைத்தளக் கொட்டகைகள் காப்பிக் கடைகளாகின்றன. 1892 முதல் ஊருக்குப் பருப்பும் உப்பிட்ட மீனும் விற்ற அபசேரியா சந்தை, புதுப்பிப்பதாகச் சொல்லி 2018-ல் தற்காலிகக் கூடாரத்துக்கு மாற்றப்பட்டு, வருஷக்கணக்கில் அங்கேயே காத்துக் கிடந்தது. இதற்குள் வியாபாரத்தை விட்டவர்கள் பலர். விழா வாரத்திலோ, கைப்பேசியை உயர்த்தியபடி வரும் கூட்டம் குறுந்தெருக்களை அடைத்துக்கொள்கிறது; மூதாட்டிகள் தங்கள் வாசலுக்கு வர முடிவதில்லை; நள்ளிரவுக்குப் பின் வாசற்படிகளே சிறுநீர்க் கழிப்பிடமாகின்றன.

2028 நவம்பருக்குள் பிரயாணிகளுக்கான குடியிருப்பு அனுமதிகள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவற்றை நீக்குவதாக நகராட்சி 2024-ல் அறிவித்தது. அந்த வாக்குறுதி காகிதத்தோடு நிற்கக்கூடாது. காலியாகும் வீடுகள் ஊராருக்கே கட்டக்கூடிய வாடகையில் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு தெருச்சங்கத்துக்கும் வேலை செய்ய ஓர் இடத்தைப் பொதுச் செலவில் ஒதுக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் தெருச்சங்கம் நடத்தும் கடையிலேயே தாகம் தீர்த்துக்கொள்ளட்டும். அடுத்த வருஷத்து வர்ணமும் கம்பியும் அந்தக் காசில்தான் வாங்கப்படுகின்றன. இவ்விழாவைத் தன் பெருமையாக உலகத்துக்கு விளம்பரப்படுத்தும் நகரம், இதைச் செய்யும் மனிதர்களைக் குடியிருக்க விடாமல் துரத்துவது பெரும் அநியாயம். தெருவாசிகள் போய்விட்டால், எத்தனை பணம் கொட்டி அலங்காரக்காரர்களை அமர்த்தினாலும், கிராசியாவில் நடப்பது ஃபெஸ்தா மஜோர் ஆகாது.