30 நிமிஷம் தாண்டினா மட்டும்

மாரத்தான்னா 42.195 கிலோமீட்டர். அதைத் தாண்டின எந்த தூரமும் அல்ட்ரா மாரத்தான். நான் தயாராகிட்டு இருக்கிறது 50 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டத்துக்கு. இதைச் சொன்னதும் ஹாஸ்டல்ல எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி: "அப்போ பிராக்டிஸ்லயே 50 ஓடிப் பார்ப்பியா?"

மாட்டேன். ஒரே மூச்சில் 50 ஓடினா உடம்பு தேறவே பல நாள் ஆகும், அடுத்த வாரப் பயிற்சி அப்படியே போயிடும். அதுக்குப் பதிலா தூரத்தை இரண்டு நாளா பிரிப்பாங்க. சனிக்கிழமை 30, ஞாயிற்றுக்கிழமை 20. சனிக்கிழமையோட வேலை காலைக் களைப்பாக்குறது, அவ்வளவுதான். அந்தக் களைச்ச காலை வச்சுக்கிட்டு ஞாயிறு காலையில எப்படி ஓடுறோம் என்பதுதான் நிஜமான பாடம்.

எங்க வீடு சேலம். மலைன்னா ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினா ஏரி வந்துடும். அங்கிருந்து காபித் தோட்டங்களுக்கு நடுவே போற மண் பாதைகள், சேர்வராயன் கோயில் மலை வரைக்கும் ஏற்றம். சில்வர் ஓக் நிழல், அதுல படர்ந்த மிளகுக் கொடி, மேல போகப் போக சிவப்பு மண். டிரெயில் ரன்னிங் கத்துக்க இதைவிட நல்ல இடம் எனக்குப் பக்கத்துல கிடையாது.

ஆனா அம்மா ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. "பொண்ணு தனியா தோட்டத்துக்குள்ள ஓடுறதாவது!" அப்பாதான் கொஞ்சம் யோசிச்சுட்டு சொன்னார், "நான் கூட வரேன். ரெண்டு நாளும் பாக்கறேன். அப்புறம் அந்த 50 கிலோமீட்டருக்குப் பேர் கொடுக்கறதப் பத்திப் பேசலாம் கண்ணு."

அதாவது, அந்த வாரக்கடைசி எனக்குப் பயிற்சி மட்டும் இல்ல, பரீட்சையும்தான்.

அப்பாவால கூடவே ஓட முடியாது. வண்டியோட ஏரிக்கரைல காத்திருக்கணும். தோட்டத்துக்குள்ள பல இடத்துல போன் சிக்னல் கிடையாது. அப்போ நான் எங்க இருக்கேன்னு அவருக்கு எப்படித் தெரியும்? இங்கதான் 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன ஒரு கணக்கு உதவிச்சு. 5 கிலோமீட்டர் நடக்க 1 மணி நேரம். அதோட, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு 1 மணி நேரம் சேர்த்துக்கணும். சுருக்கமா, 10 மீட்டர் உயரம் ஏற 1 நிமிஷம். ஏற்றக் கணக்கை அப்படியே எடுத்துக்கிட்டேன். சமதளத்துக்கு மட்டும் என் வேகத்தைப் போட்டேன், கிலோமீட்டருக்கு 8 நிமிஷம்.

தோட்டத்துக்காரங்ககிட்ட முன்னாடியே அனுமதி கேட்டு, ஏரிலேர்ந்து ஏரிக்கே திரும்புற 10 கிலோமீட்டர் சுற்று ஒண்ணு முடிவு பண்ணியிருந்தோம். மொத்த ஏற்றம் 300 மீட்டர். 80 நிமிஷமும் 30 நிமிஷமும், ஆக 110. சனிக்கிழமை காலை 6:15-க்குக் கிளம்பினா 8:05, 10:05, 12:05. நடுவுல 10, 10 நிமிஷம் சாப்பாடு. இதை ஒரு தாளில் எழுதி அப்பா கையில கொடுத்தேன். கீழே ஒரு வரி: "30 நிமிஷம் தாண்டினா மட்டும் தேடி வாங்க."

முதல் சுற்று 8:02. அப்பா தாளைப் பார்த்தார், வாட்ச்சைப் பார்த்தார், ஒண்ணும் சொல்லல. வேகவச்ச உருளைக்கிழங்குல உப்புத் தொட்டுக் கொடுத்தார். ஓடும்போது சாப்பிடறது ருசிக்காக இல்ல. உடம்பு சேமிச்சு வைக்கிற மாவுச்சத்து ஏறக்குறைய 2000 கலோரிதான். ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்கு சுமார் 1 கலோரி செலவாகும். என் 55 கிலோவுக்கு 30 கிலோமீட்டர்னா 1650. அதனால டேங்க் காலியாகுறதுக்கு முன்னாடியே நிரப்பிக்கிட்டே இருக்கணும். கடலை மிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம், ஓஆர்எஸ். வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் குறைஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம்.

இரண்டாவது சுற்று 10:07. மூணாவது 12:13.

ஞாயிறு காலை லாட்ஜ் படிக்கட்டுல இறங்கும்போதே தொடை கத்துச்சு. ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனா தசையைக் கிழிக்கிறது இறக்கம்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுக்கிட்டே பிரேக் போடுது. அந்த வேலையில நார்கள் நுண்ணிய அளவுல சேதமாகும், வலி மறுநாள்தான் வரும். சரியாகும்போது இன்னும் தாங்கிற மாதிரி ஆகும்.

நான் கைப்பிடியைப் பிடிச்சு இறங்கறதை அப்பா பார்த்துட்டார். "முடியலன்னா விட்டுடு கண்ணு. எனக்கு நீ எதையும் நிரூபிக்க வேண்டாம்."

"வலிக்கும்னு தெரியும்பா. அதையும் கணக்குல சேர்த்திருக்கேன், பாருங்க." ஞாயிற்றுக்கிழமைத் தாளில் கிலோமீட்டருக்கு 10 நிமிஷம் போட்டிருந்தேன். ஏற்றத்துல எல்லாம் நடைதான்னும் எழுதியிருந்தேன். மலை அல்ட்ராவுல முன்னணி ஆட்கள்கூட செங்குத்தான ஏற்றத்துல நடப்பாங்க. நடக்கிறது தோல்வி இல்ல, அதுவும் ஒரு கியர். 6:15-க்குக் கிளம்பி 8:25, அப்புறம் 10:45.

முதல் சுற்று 8:24. இப்பதான் அப்பா முதல்முறையா சிரிச்சார்.

இரண்டாவது சுற்றுல பனிமூட்டம் இறங்கிடுச்சு. கோயில் மலையிலேர்ந்து திரும்பி வரும்போது, பாதைக்குக் குறுக்கே ஒரு காட்டெருமை நின்னுது. பத்தடி முன்னாடி போனாலும் தப்பு, திரும்பி ஓடினாலும் தப்பு. சத்தமில்லாம பின்னால நகர்ந்து ஒரு மரத்துப் பக்கம் நின்னுட்டேன். அது அவசரமே படல. கை வாட்ச்சுல நிமிஷம் ஓடுது, அப்பா கையில இருக்கிற தாளில் 10:45 அப்படியே நிக்குது. 20 நிமிஷம் கழிச்சு அது சரிவுல இறங்கிப் போச்சு.

தென்னாப்பிரிக்காவுல 1921-ல் ஆரம்பிச்ச காம்ரேட்ஸ் ஓட்டம், கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். 12 மணி நேரம் முடிஞ்சதும் எல்லைக் கோட்டுல ஒருத்தர் ஓடி வர்றவங்களுக்கு முதுகைக் காட்டி நின்னு துப்பாக்கியால சுடுவார். ஒரு நொடி பிந்தினாலும் முடிச்சதா கணக்கில்ல. எனக்கு அன்னைக்கு 11:15 அப்படித்தான் இருந்துச்சு. ஒரே வித்தியாசம், என் கோட்டுல நிக்கிறவர் என் பக்கம் பார்த்துக்கிட்டு நிப்பார். அதனாலயே இறக்கத்துல தலைதெறிக்க ஓடல. தவறி விழுந்தா அந்தத் தாளுக்கு அர்த்தமே இல்ல. சின்னச் சின்ன எட்டு வச்சு, வேரையும் கல்லையும் பார்த்துப் பார்த்து இறங்கினேன்.

ஏரிக்கரைக்கு வந்தப்ப 11:11. அப்பா வண்டிச் சாவியைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னார். முகத்துல ரத்தமே இல்ல. ஆனா நின்ன இடத்தை விட்டு அசையல.

"இன்னும் 4 நிமிஷம் இருந்துச்சு"ன்னு மட்டும் சொன்னார்.

அந்த 26 நிமிஷம் அவர் ஓடினதுதான் அன்னைக்கு இருந்த பெரிய ஓட்டம்னு நினைக்கிறேன். தேடி வந்திருந்தா யாரும் குறை சொல்ல முடியாது. நான் சொன்ன கணக்கை நம்பி நின்னார். மத்த நாலு சுற்றும் சொன்ன நேரத்தை ஒட்டி வந்ததாலதான் அந்த நம்பிக்கை வந்துச்சு. "கவலைப்படாதீங்க"ன்னு நூறு தடவை சொல்லியிருந்தாலும் வந்திருக்காது. வீட்டுல அனுமதி கேட்கிற எல்லாருக்கும் சொல்றேன், வாதம் பண்றதைவிட நேரத்தை எழுதிக் கொடுத்துட்டு அந்த நேரத்துக்கு வந்து நில்லுங்க.

மலை இறங்கும்போது பன்னிரண்டாவது வளைவுல அப்பா கேட்டார், "50-க்கு எவ்வளவு நேரம் தருவாங்க?"

"10 மணி நேரம்பா."

"பேர் கொடுத்துடு. தாளையும் எழுது."

எழுதிட்டேன். எத்தனை நிமிஷம் தாண்டினா தேடணும்ங்கிற இடத்தை மட்டும் காலியா விட்டிருந்தேன். அப்பா அதுல "1 மணி நேரம்"னு எழுதினார்.