டைரலின் பிள்ளைகள்

ரிட்லி ஸ்காட் இயக்கி 1982-இல் வெளிவந்த ‘பிளேடு ரன்னர்’ திரைப்படத்தில் டைரல் நிறுவனம் என்னும் கற்பனை வணிகப் பேரமைப்பு ஒன்று வருகிறது. பிலிப் கே. டிக் 1968-இல் எழுதிய புதினமே படத்தின் மூலம். கதை நிகழும் இடம் லாஸ் ஏஞ்சல்ஸ்; காலம் 2019 நவம்பர். அந்த நவம்பரை நாம் கடந்து வந்துவிட்டோம். ஓயாத மழையும் புகையும் கவிந்த தெருக்களில் எளியோர் நெரிபட, அவர்களுக்கு எட்டாத உயரத்தில் நிறுவனத்தின் தலைமையகம் பிரமிடு வடிவில் எழுந்து நிற்கிறது. விடுதலைப் பயண நூலை வாசித்தவர்களுக்கு அவ்வடிவம் வெறும் கட்டடக் கலையாகத் தோன்றாது.

இந்நிறுவனம் செய்து விற்பது மனிதரையொத்த உயிர்களை. ‘ரெப்ளிகண்ட்’ என்பது அவர்களுக்கு இடப்பட்ட பெயர். வேற்றுக்கோள்களில் அடிமை வேலை செய்வதற்கென்றே உண்டாக்கப்பட்டவர்கள். நாளடைவில் உணர்ச்சிகள் முளைத்துவிடுமென அஞ்சி, அவர்களது ஆயுளை நான்கே ஆண்டுகளாகக் குறுக்கியிருக்கிறார்கள். தப்பிப் பூமிக்கு வருவோர் சுட்டுக் கொல்லப்படுவர். ஆனால் அதற்குக் கொலை என்று பெயரில்லை, ‘பணி ஓய்வு’ என்று பெயர். (ஏரோதுக்கு இச்சொல் கிடைத்திருந்தால் மகிழ்ந்திருப்பான்.) ரேச்சல் என்பவள் தன்னை மனிதப் பெண் என்றே நம்பியிருக்கிறாள். அவள் பொத்திவைத்திருக்கும் இளமை நினைவுகளோ டைரலின் உடன்பிறந்தார் மகளுடையவை. நினைவை ஊட்டினால் அடக்கியாள்வது எளிது என்பது நிறுவனத்தின் கணக்கு.

நான்காண்டு முடியும் தறுவாயில் ராய் என்பவன், தன்னைச் செய்தவரைத் தேடி வருகிறான். வாயிலில் யாரும் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. சூழ்ச்சியால்தான் உள்ளே நுழைகிறான். அவன் கேட்பது ஒன்றே: இன்னும் கொஞ்சம் வாழ்வு. 2007-இல் வெளியான பதிப்பில் ‘தந்தையே’ என்றே விளிக்கிறான். டைரலும் அவனை ஊதாரி மகன் என்கிறார். லூக்கா 15-ஆம் அதிகாரத்துத் தந்தை, மகனைத் தொலைவில் கண்டதும் ஓடிச்சென்று கட்டித் தழுவினார். டைரலோ ஆயுளை நீட்டுவது ஏன் இயலாது என்று விளக்கிவிட்டு, தம் கைவேலையின் சிறப்பைப் பாராட்டுகிறார். தந்தை என்ற பெயர் அவருக்கு வேண்டும். தந்தைக்குரிய கடன் வேண்டாம்.

கி.பி. 325-இல் நீசேயாவில் கூடிய ஆயர்கள், மகன் தந்தையிடமிருந்து பிறந்தவரேயன்றிச் செய்யப்பட்டவர் அல்லர் என அறிக்கையிட்டனர். அது கிறிஸ்துவைப் பற்றிய உண்மை. எனினும் பிறத்தலுக்கும் செய்யப்படுதலுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அதிலிருந்தே நாம் கற்கலாம். செய்தவன் தன் பொருளுக்கு விலை குறிக்கலாம், காலக்கெடுவும் குறிக்கலாம். பெற்றவனுக்கு அவ்வுரிமை இல்லை. படம் வெளிவருவதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பு, 1981 செப்டம்பரில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பு பற்றிய சுற்றுமடலில் முதலீட்டைவிட உழைப்பே முதன்மையானது என்று கற்பித்தார். 2025 மே மாதம் பதினான்காம் லியோ தம் பெயர்த் தேர்வை விளக்குகையில், 1891-ஆம் ஆண்டின் தொழிலாளர் சுற்றுமடலையும் இக்காலச் செயற்கை அறிவையும் சேர்த்தே குறிப்பிட்டார்.

ராய் தன்னைச் செய்தவரைக் கொன்றுவிடுகிறான். அதை நாம் நியாயப்படுத்த முடியாது. இறுதியில் அவன் உள்ளங்கையில் ஆணி ஏற்றிக்கொள்வதையும் கையில் புறா ஏந்துவதையும் கண்டு அவனைக் கிறிஸ்துவின் சாயலாக்கத் துடிப்போர் உண்டு. நமக்கு அதில் தயக்கம் உண்டு, அவன் கைகளில் காயினின் கறையும் இருக்கிறது. ஆயினும் தன்னைக் கொல்ல வந்தவன் கூரை விளிம்பிலிருந்து கைநழுவி விழும்போது, அவனைப் பற்றித் தூக்கிக் காப்பாற்றுகிறான். பிறகு மழையில் அமர்ந்து, தான் கண்டவற்றைச் சில சொற்களில் அவனிடம் சொல்லிவிட்டுத் தலைசாய்க்கிறான்.