பிளேடு எந்தப் பக்கம் நுழைய வேண்டும்?

ஸ்க்ரோல் சா என்னும் ரம்ப இயந்திரத்தில் பூ வேலைப்பாடு செய்கிறவர்களுக்கு வெட்டுவதைவிட பிளேடு கோர்ப்பதுதான் பெரிய வேலை. பூஜை அலமாரிக் கதவு ஒன்றில் வெட்டியெடுக்க வேண்டிய இடைவெளிகள், அதாவது கண்கள், நூறு இருந்தால், நூறு தடவை பிளேடைக் கழற்றி, கண்ணுக்குள் டிரில்லால் போட்ட துளைக்குள் விட்டு, இறுக்கி, டென்ஷன் ஏற்ற வேண்டும். இதில் சலிப்புத் தட்டினால் கலையே கைவிட்டுப் போகும்.

முனையில் பின் வைத்த பிளேடு இதற்கு உதவாது. அந்தப் பின் நுழையவே பெரிய துளை வேண்டும். சின்னக் கண்ணில் அதற்கு இடமில்லை. பின் இல்லாத 5 அங்குல மெல்லிய பிளேடுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் துளை போதும்.

கீழ்ப்பிடியில் நிற்கும் பிளேடின்மேல் பலகையை இறக்குவதா, மேல்பிடியில் தொங்கும் பிளேடை மேலிருந்து துளைக்குள் விடுவதா? ஆளுக்கொரு வழியைப் பழகி அதையே பிடித்துக்கொள்கிறார்கள். நான் இரண்டையும் ஒரே பலகையில் பயன்படுத்துகிறேன். எப்போது எது என்பதை எனக்குச் சொல்லித் தந்தது பலகைதான்.

ஆரம்பத்தில் பலகை திடமாக இருக்கும். அப்போது கீழிருந்து கோர்ப்பதே வேகம். மேல்பிடியை மட்டும் தளர்த்தினால் போதும், பிடி கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் பிளேடின் நுனி பலகைக்கு அடியில் மறைந்துவிடும். டிரில் வெளியேறிய அடிப்பக்கத்தில் சிராய் கிளம்பித் துளையை அடைத்திருக்கும். அதனால் துளையிட்டதும் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, துளையின் வாயைப் பின்புறத்தில் லேசாக அகட்டிவிடுவேன். பிறகு பிளேடு தடவித் தடவித் தானே நுழையும்.

கண்கள் கூடக்கூட பலகை இளகும். ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாலே நடுப்பகுதி தொய்யும். 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் கண்களுக்கு நடுவே நிற்கும் மெல்லிய இணைப்புகள் அந்தத் தொய்வில்தான் முறிகின்றன. ரம்பம் படும்போது முறிவது குறைவு. ஆகவே அந்த நிலை வந்ததும் பலகையை மேசையை விட்டு எடுப்பதில்லை. இயந்திரத்தின் மேற்கையைத் தூக்கி, துளையை நேராகப் பார்த்துக்கொண்டே பிளேடை இறக்கி, மேசைக்கு அடியில் கைவிட்டு இறுக்குகிறேன். நேரம் கூடுதலாகும், வேலை பிழைக்கும். சிறிய கண்களை முதலில் வெட்டிப் பெரியவற்றைக் கடைசிக்கு வைத்தால், இந்த நிலை தாமதமாகவே வரும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டு வழிகளையும் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவை பலகையைத் தூக்கும்போதும் அது வளைகிறதா என்று விரல்களால் உணருங்கள். வளைந்தால், அடுத்த கண்ணிலிருந்து மேலிருந்தே கோர்த்துவிடுங்கள்.