தராசும் மனமும்

கல்லூரி அன்னையின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, எம் நினைவு விளையாட்டரங்கையோ பரிசளிப்பு விழாக்களையோ நாடவில்லை. ஆய்வுகூடத்தில் உடைந்து கிடந்த ஒரு தராசையே நாடிற்று.

அவ்வாண்டு வாதப் போட்டியிலே, மனிதனை அறிவே ஆளவேண்டும் என்று வாதாடி நாம் பரிசு பெற்றிருந்தோம். அடுத்த கிழமை, இரசாயன ஆய்வுகூடத்துத் தராசு எம் கைதவறி விழுந்து உடைந்தது. கண்டவர் எவருமிலர். பின்னர் அங்கு சென்ற சக மாணவன்மீது பழி வீழ்ந்தது. உண்மை எமக்குத் தெரியும். அதனைச் சொல்வதே கடமை என்பதும் தெரியும். ஆயினும் வாய் திறந்தோமில்லை. மேடையிலே பரிசு தேடித் தந்த அதே அறிவு, நாம் வாளாவிருத்தற்குரிய நியாயங்களையும் ஒழுங்காக அடுக்கித் தந்தது.

நான்காம் நாள் அவனுடைய தந்தையார் வந்தார். புகையிலைத் தோட்டத்திலிருந்து நேரே வந்தவர், காரியாலய விறாந்தையில் நின்று, சால்வைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, தராசின் விலைக்கென நாணயங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். அவர் எண்ணி முடிக்குமுன் நாம் அதிபரின் அறையுள் நின்றோம். அந்நண்பன் எம்மோடு மீண்டும் பேச ஒரு தவணை சென்றது.

எம்மை அவ்வறைக்குக் கொண்டு சென்றது எது? புதிய உண்மை எதனையும் நாம் அன்று அறிந்திலோம். இவ்வினாவிற்கு விடை, பல ஆண்டுகளின் பின் மெய்யியல் பயின்றபோதே கிடைத்தது. 1711இல் எடின்பரோவிற் பிறந்த டேவிட் ஹியூம், 1739, 1740ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட மனித இயல்பு பற்றிய நூலிலே இதனை ஆராய்ந்துள்ளார். எண்ணங்களை ஒப்பிடுவதும், அனுபவத்தினின்று காரண காரியங்களைக் காண்பதுமே அறிவின் தொழில். தனித்து நின்று அது எவரையும் செயலுக்குத் தூண்டாது. தூண்டுவது விருப்பும் வெறுப்புமாகிய உணர்ச்சியே. அறிவு அதற்கு வழிகாட்டும் ஏவலாள் என்பது அவர் கொள்கை. எம் மௌனத்தில் அறிவு தோற்கவில்லை. அச்சத்துக்கு ஊழியம் செய்தது. முறுக்கிய நரம்பொன்றின் அதிர்வு ஏனைய நரம்புகளுக்கும் பரவுவதுபோல ஒருவர் உணர்ச்சி மற்றவர் நெஞ்சிற் பரவும் என்றும் அவர் கூறுவர். அந்த விறாந்தையில் நிகழ்ந்தது அதுவே.

அங்ஙனமாயின், உணர்ச்சி போனபடி போகலாமோ எனின், அன்று. அண்மையிலுள்ளார்க்கு இரங்குமளவு சேய்மையிலுள்ளார்க்கு மனம் இரங்குவதில்லை. தூரத்துப் பொருள் சிறிதாய்த் தோன்றினும் அதன் உண்மை அளவை நாம் உய்த்துணர்வதுபோல, தன்னலம் நீங்கிய பொதுநிலையில் நின்று இக்குறையைத் திருத்தல் வேண்டும் என்பர் ஹியூம். அங்கே அறிவின் துணை இன்றியமையாதது. ஆயினும் ஒழுக்கத்தை அறிவின்மீதே நிறுவிய ஜெர்மானிய அறிஞர் காண்ட், இரக்கத்தாற் செய்த எம் செயலுக்கு ஒழுக்க மதிப்பு இல்லை என்றே கூறியிருப்பார். அத்தந்தையார் வராதிருப்பின் நாம் பேசியிருப்போமா என எண்ணும்தோறும், அவர் கூற்றும் எம்மைச் சுடவே செய்கின்றது.

இன்று பயிலும் இளைஞர்காள்! வாதத்தில் வெல்லக் கற்றுக்கொள்ளுங்கள். அதனோடு, விறாந்தையில் நிற்பவரை அவர் வருமுன்னரே மனக்கண்ணாற் காணவும் பழகுங்கள். நாம் நான்கு நாட் பிந்திக் கற்ற பாடம் அது.