கண்டிச் சீமையிலிருந்து திருமயத்திற்கு

கண்டிச் சீமைக்குப் பெயர்ந்தோரின் பூர்வீகங்களுள் புதுக்கோட்டையும் ஒன்றாதலால், பன்வில தேயிலைத் தோட்டங்களிலிருந்து தமிழகம் செல்வோர், அந்நகரின் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள திருமயத்தை அவசியம் காண வேண்டும். இராமநாதபுரம் கிழவன் சேதுபதி 1687-இல் கட்டுவித்த கோட்டை ஒரு பாறைக்குன்றைச் சூழ்ந்து நிற்க, அதே குன்றின் தென் அடிவாரத்தில், கோட்டைக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட இரண்டு குடைவரைகள், அதாவது கல்லை அடுக்கிக் கட்டாமல் பாறையையே உள்நோக்கிக் குடைந்து ஆக்கிய கோயில்கள், சிவனுக்கும் திருமாலுக்குமாக அருகருகே அமைந்துள்ளன.

திருமால் குடைவரையில் அனந்தசயனம், அதாவது பாம்பணையில் பள்ளிகொண்ட கோலம், பாறையிலேயே பேருருவாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. மது, கைடபர் என்னும் அசுரர்மீது ஆதிசேடன் நஞ்சுத்தீ உமிழ, அவர்கள் பதறி விலக, பெருமானின் ஒரு கை அந்தப் பாம்பைத் தட்டி அமைதிப்படுத்துவதுபோல் நீண்டிருப்பது, கல்லில் காணக்கிடைக்கும் மிகக் கனிவான அசைவுகளுள் ஒன்று. சிவன் குடைவரையிலோ, குடுமியான்மலைக் கல்வெட்டோடு சேர்த்து எண்ணப்படும் பழைய இசைக் கல்வெட்டின் பெரும்பகுதி அழிக்கப்பட்டு, ‘பரிவாதிநி’ என்ற வீணையின் பெயர் உள்ளிட்ட சில சொற்களே எஞ்சியுள்ளன. இழந்தது எவ்வளவு பெரிது என்பது அப்பாறையின் முன் நிற்கும்போதுதான் உறைக்கிறது. கோட்டையின் உச்சியில் பீரங்கி ஒன்று இன்றும் சமவெளியை நோக்கியிருக்கிறது.